பதினேழாம் கட்டத்துக்கு ஒரு மணிக்கூடு

ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதற்கென்றே ஒருவன் ஒரு சாதனத்தைக் கட்டி, அதற்கு அரசாங்க முத்திரையும் வேண்டுமென்று போய் நின்றால், அவனை ஏற இறங்கப் பார்க்கத்தான் செய்வார்கள். சல்லி என்ற மீனவக் கிராமத்துக் கிருஷாந்தனைத் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துப் பணிமனையில் அப்படித்தான் பார்த்தார்கள். அவன் அதற்காகக் கோபிக்கவில்லை. அங்கே கோபிப்பதற்கும் மணி அடிக்கவேண்டும் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

சாதனம் என்று பெரிதாகச் சொன்னாலும் அது ரின்மீன் அடைக்கிற தகரப் பேணியளவு பெட்டி. அதிலிருந்து ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக இரண்டு கம்பிகள் தொங்கும். வள்ளத்தின் அடியில் வைத்துவிட்டால், இரண்டு கம்பியும் நனையும்போது கத்தும். இரண்டும் காய்ந்தால்தான் கத்தலை நிறுத்தும். ஒன்று நனைந்து மற்றது காய்ந்திருந்தால், அதுவரை என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே செய்யும். அலை ஒன்று தெறித்ததற்கெல்லாம் ஊரைக் கூட்டாது. தண்ணீர் வராதவரை உள்ளே ஒரு தூசும் அசையாது. கிருஷாந்தனுக்குப் பெருமை அந்த அசையாமையில்தான்.

மின்சுற்றுக் கட்டுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதற் கட்சிக்காரர் சுற்றின் நடுவில் ஒரு கடிகாரத்தை வைப்பார்கள். அது துடிக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாப் பாகங்களும் ஒன்றாக ஓர் அடி எடுத்து வைக்கும். வேலை இருந்தாலும் வைக்கும், இல்லாவிட்டாலும் வைக்கும். இதற்குப் பெயர் ஒத்தியங்கு முறை. இரண்டாம் கட்சிக்காரருக்குக் கடிகாரமே கிடையாது. ஒரு பாகம் தன் வேலை முடிந்ததும் அடுத்த பாகத்தைத் தட்டிச் சொல்லும். அது வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்லும். அதற்குப் பிறகுதான் இது கையை எடுக்கும். இது ஒத்தியங்கா முறை. முதற் கட்சி உலகம் முழுக்க ஆட்சியில் இருக்கிறது. இரண்டாம் கட்சிக்குச் சல்லியில் ஒரேயொரு உறுப்பினர்.

அந்த உறுப்பினர் வானொலிப் பெட்டியும், மீன் பார்க்கும் கருவியும் திருத்திப் பிழைத்தவன். அவன் இந்தப் பெட்டியைக் கட்டியது தன் மாமனார் இராசநாயகத்துக்காக.

இராசநாயகம் வலையை விரித்துவிட்டு வள்ளத்தில் படுத்தால், கடலே எழுந்து வந்து எழுப்பினாலொழிய எழும்பமாட்டார். வள்ளமோ மூன்று தரம் பைபர் பூசி ஒட்டிய வள்ளம். "அப்பா கால் நனைஞ்சா எழும்பமாட்டார். வயிறு நனைஞ்சாத்தான் எழும்புவார்" என்பாள் மகள் சுதர்ஷினி. அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிடும். சென்ற வருடம் வாடைக்காற்றில் அவர் எழும்பியபோது தண்ணீர் நெஞ்சுமட்டும் வந்திருந்தது. அதற்கு முன்பு கடையில் வாங்கிப் பூட்டிய கருவி ஒன்று இருந்தது. உள்ளே கடிகாரம் வைத்த கருவி. செக்கனுக்கு ஆயிரம் தரம் "தண்ணி வந்ததோ, தண்ணி வந்ததோ" என்று தன்னைத்தானே கேட்டுக் கேட்டு மூன்று கிழமையில் பற்றறியைத் தின்றுவிட்டு, தண்ணீர் வந்த அன்றைக்குப் பார்த்து மௌன விரதம் பிடித்தது.

எனவே கிருஷாந்தன் தன் பெட்டியைக் கொண்டுபோய் மாமனார் முன்னால் வைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க முத்திரை?"

"இது நான் கட்டினது, மாமா."

"அதுதான் கேக்கிறன். முத்திரை இல்லாத சாமான் என்ர வள்ளத்தில ஏறாது. பத்தொன்பது வருசமா நான் மீனவர் சங்கத்துச் செயலாளர். நானே சட்டத்தை மீறினா நாளைக்குக் கடலுக்கு என்ன முகத்தோட போறது?"

கடலுக்கு அதில் பெரிய ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் இராசநாயகம் மருமகன் கட்டிய பெட்டியை மட்டுமல்ல, மருமகனையே இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. வள்ளத்தில் நிற்பவர் எஞ்சினைக் கழற்றிக் கீழே தண்ணீரில் நிற்பவரிடம் இறக்கும்போது சல்லியில் ஒரு வழக்கம் உண்டு. மேலே நிற்பவர் "பிடிச்சிட்டியோ?" என்பார். கீழே நிற்பவர் "பிடிச்சிட்டன்" என்பார். "விடுறன்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே நிற்பவர் கையை எடுப்பார். கலியாணம் முடிந்து ஆறு வருடமாகக் கிருஷாந்தன் "பிடிச்சிட்டன் மாமா" என்று தொண்டை கிழியச் சொல்லியும், இராசநாயகம் ஒருநாளும் விட்டதில்லை. எஞ்சினைக் கட்டிப் பிடித்தபடியே தண்ணீருக்குள் குதித்து, கரைவரை கூடவே வருவார். "பாவம் கிருஷாந்தன், எஞ்சினையும் மாமனையும் சேத்தெல்லோ தூக்கிறான்" என்று கரையில் நின்றவர்கள் சொல்வார்கள்.

வாடைக்காற்று தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது. "அதுக்குள்ள அந்த முத்திரையைக் குத்திக்கொண்டு வாங்கோ" என்றாள் சுதர்ஷினி. "நீங்கள் கெஞ்சுவீங்களோ, காலில விழுவீங்களோ எனக்குத் தெரியாது. அப்பா இல்லாமல் வள்ளம் மட்டும் கரைக்கு வரக்கூடாது."

திங்கட்கிழமை காலை கிருஷாந்தன் சைக்கிளில் உப்புவெளி தாண்டி நகரத்துக்கு வந்தான்.

கரையோரச் சாதன ஒப்புதல் பணிமனை, துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் இருந்தது. கீழே எட்டு மேசைகள். மரப்படி ஏறினால் மேலே ஒன்பதாம் மேசை; அது பணிப்பாளர் மைக்கல் அவர்களுடையது. சுவரில் பெரிய மின்சார மணிக்கூடு ஒன்று, அதன் கீழே ஒரு மணி.

கிருஷாந்தன் வாசலில் கால் வைத்தபோது அந்த மணி அடித்தது. எட்டுப் பேரும் ஒன்றாக எழும்பினார்கள். கையில் இருந்ததை வலப்பக்க மேசைக்குக் கொடுத்தார்கள், இடப்பக்கத்திலிருந்து வந்ததை வாங்கினார்கள், ஒன்றாகக் கதிரையில் இருந்தார்கள். ஒருவரிடமும் ஒரு கோப்பும் இருக்கவில்லை. எட்டுப் பேரும் வெறுங்காற்றைக் கொடுத்து வெறுங்காற்றை வாங்கியிருந்தார்கள்.

முதலாம் மேசையில் இருந்த கமலாதேவி அவனுடைய படிவத்தை வாங்கிப் பார்த்தார். மற்றக் கையால் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழாம் கட்டம் வெறுமையாக் கிடக்கு."

பதினேழாம் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: 'கடிகாரத் துடிப்பு. செக்கனுக்கு எத்தனை?'

"இதுக்குள்ள கடிகாரம் இல்ல, மிஸ்."

"அப்ப எப்பிடி வேலை செய்யும்?"

"தண்ணி வந்தா வேலை செய்யும்."

"தண்ணி வராட்டி?"

"சும்மா இருக்கும்."

கமலாதேவி உள்ளிப் பல்லை வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தார். "சுழியம் எண்டு போட்டுப் பாப்பம்." போட்டுப் பார்த்தார். கணினி சிவப்பாக எதையோ சொன்னது. "சுழியம் எண்டா செத்த சாதனமாம் தம்பி. செத்ததுக்கு வேற பணிமனை. நீங்கள் மேல போய்ப் பணிப்பாளர் சேரைப் பாருங்கோ. ஆனா இப்ப எழும்பாதேங்கோ. மணி அடிக்கட்டும்."

"எப்ப அடிக்கும்?"

"இருபத்துமூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா."

ஏன் இருபத்துமூன்று என்று கேட்டபோது அவர் ஏழாம் மேசையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஸஹாப்தீன் என்ற வயதானவர் இருந்தார். மற்ற எல்லாரும் ஒரு கோப்பை இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். ஸஹாப்தீனுக்கு மட்டும் இருபத்திரண்டு நிமிடம் வேண்டும். ஒரே மணிக்கு எல்லாரும் அசைவதென்றால் ஆகத் தாமதமானவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கத்தானே வேண்டும்? அந்த இருபத்தொரு நிமிட ஓய்வில்தான் கமலாதேவி உள்ளி உரித்தார். துறைமுக வீதியில் பாதிக் குசினிகளுக்கு உள்ளி உரித்தே கிடைத்தது.

மணி அடித்ததும் கிருஷாந்தன் மேலே போனான்.

பணிப்பாளர் மைக்கல் நல்ல மனிதர். முன்னொரு காலத்தில் எல்லாரையும் போலத்தான் இருந்தார். கொழும்பில் மின்சுற்று வடிவமைப்புப் பற்றி ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். காலை வகுப்பு ஒத்தியங்கு முறை பற்றியது. அதில் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டார். ஒத்தியங்கா முறை பற்றிய வகுப்பு பின்னேரம். இடையில் பகல் புரியாணி. பின்னேரம் முழுவதும் அவர் கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்ததாகக் கூடப் போனவர்கள் சொல்கிறார்கள்.

"தம்பி, இருங்கோ" என்றார் பணிப்பாளர். "உங்கட சாதனம் வேலை இல்லாட்டிச் சும்மா இருக்குமாம். இது தொழில்நுட்பப் பிரச்சினை இல்ல. ஒழுக்கப் பிரச்சினை. இதயத்தைப் பாருங்கோ. ஆராவது வந்து தட்டினாத்தான் துடிப்பன் எண்டு சொல்லுதோ? என்ர பணிமனையைப் பாருங்கோ. போன வருசம் தொடர்ந்து நாப்பது நாள் ஒரு விண்ணப்பமும் வரேல்ல. ஆனா ஒரு மணிகூட நாங்கள் எழும்பாமல் விட்டதில்ல. நாப்பது நாளும் எழும்பினம், இருந்தம். அதுக்கு எங்களுக்கு மாகாண மட்டத்தில கேடயம் தந்தவை. சும்மா இருந்திருந்தாத் தந்திருப்பினமோ?"

"இது பற்றறி மிச்சம், சேர். ரெண்டு வருசம் நிக்கும்."

"பற்றறியைச் சேமிச்சு என்ன செய்யப் போறீங்கள்? துடிப்பு வேணும், தம்பி. என்ன செய்யுது எண்டது ரெண்டாவது. துடிக்குதோ எண்டதுதான் முதலாவது."

கிருஷாந்தன் இறங்கி வந்தான். இறங்குவதற்கும் இருபத்துமூன்று நிமிடம் காத்திருந்துதான் இறங்கினான். கமலாதேவி அவனைக் கிட்டக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கட்டத்தில கடிகாரத் துடிப்பு எண்டுதான் கிடக்கு. அந்தக் கடிகாரம் எதோட தொடுத்திருக்கு எண்டு கேக்கேல்ல. விளங்குதோ?"

கிருஷாந்தன் தலையாட்டினான்.

"இன்னொண்டு. கோப்பு ஒம்பது மேசையும் தாண்ட ஒம்பது தரம் மணி அடிக்கவேணும். காலமை எட்டரைக்கு முதல் மணி. பன்ரெண்டுக்குச் சாப்பாட்டு மணி. அதோட முடியாத கோப்பெல்லாம் திரும்ப முதலாம் மேசைக்கு வந்திடும். சுற்றுக்கு மின்சாரத்தை நிப்பாட்டினா நினைவு அழிஞ்சுபோகுமாம், சாப்பாட்டு மணியும் அப்பிடித்தானாம், சேர் படிச்சவர். எட்டரைக்குத் தந்தாப் பன்ரெண்டுக்கு மூண்டு நிமிசம் முந்தி முடியும். பின்னேரம் தந்தா ஒருநாளும் முடியாது. நேரம் காணாது."

"பின்னேரமும் விண்ணப்பம் எடுக்கிறனீங்களே?"

"ஓம், எடுக்கிறனாங்கள்" என்றார் கமலாதேவி, அதில் என்ன கேள்வி என்பது போல.

அன்றிரவு வீட்டில் கதையைக் கேட்ட சுதர்ஷினி அலுமாரியைக் குடைந்து தன் பள்ளிக்கூடக் காலத்துக் கைமணிக்கூட்டை எடுத்து வந்தாள். இளஞ்சிவப்பு நிறம், முள்ளுக்குப் பின்னால் ஒரு முயல். "ஓடுது. நேரம்தான் பிழை" என்றாள். கிருஷாந்தன் அதைப் பெட்டியின் முகத்தில் பசை போட்டு ஒட்டினான். ஒரு கம்பியையும் அதில் தொடுக்கவில்லை. ஒரு தொழில்காரனாக அவன் வாழ்க்கையில் செய்த ஆக அவமானமான வேலை அதுதான். பசை காயும்வரை அவன் அந்த முயலின் முகத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கமலாதேவி அதைப் பார்த்தார்.

"நேரம் பிழையாக் காட்டுதே?"

"துடிக்குது, மிஸ்."

"துடிச்சாச் சரி. நேரம் கேக்கேல்ல." பதினேழாம் கட்டத்தில் 'செக்கனுக்கு ஒன்று' என்று எழுதினார். கணினி பச்சையாகச் சிரித்தது.

கோப்பு மணிக்கொரு மேசையாக நகர்ந்தது. பத்தேகாலுக்கு அது ஐந்தாம் மேசையில் இருந்தபோது, திறந்திருந்த பக்கக் கதவால் ஒரு மான் உள்ளே வந்தது. திருகோணமலையில் மான் தெருவில் நிற்பது யாருக்கும் அதிசயமில்லை. கடைவாசலில் நின்று வாழைப்பழத்தோல் கேட்கும் மான்கள் அவை. இந்த மான் ஐந்தாம் மேசையை முகர்ந்து பார்த்துவிட்டு, கிருஷாந்தனுடைய படிவத்தின் முதலாம் பக்கத்தைத் தின்னத் தொடங்கியது.

"ஐயோ, மான்! மான்!" என்று கிருஷாந்தன் எழும்பினான்.

"இருங்கோ தம்பி, இருங்கோ!" என்று எட்டுப் பேரும் பதறினார்கள். "இன்னும் பத்து நிமிசம் கிடக்கு!"

ஐந்தாம் மேசைக்காரர் மானின் கண்ணைப் பார்த்துக் கெஞ்சுகிற முகத்தோடு அசையாமல் இருந்தார். மான் அவசரப்படவில்லை. இரண்டாம் பக்கம், இணைப்பு, புகைப்படம் என்று ஒழுங்காக முடித்துவிட்டு வந்த வழியே போனது. பத்து நிமிடம் கழித்து மணி அடித்தபோது எட்டுப் பேரும் ஒன்றாக எழும்பி, ஒன்றாகக் கைதட்டி, "சூ! சூ!" என்று வெறும் கதவை விரட்டினார்கள். பதிவேட்டில் 'வெளிப்புறக் குறுக்கீடு: ஒன்று. உரிய மணியில் விரட்டப்பட்டது' என்று எழுதினார்கள்.

புதன்கிழமை புதுப் படிவம். கோப்பு ஐந்தாம் மேசையை உயிரோடு தாண்டியது. ஆனால் ஆறாம் மேசைக்குக் கொடுக்கும்போது ஐந்தாம் மேசைக்காரர் தும்மிவிட்டார். அதனால் கோப்பு, மணி அடித்து முடிகிற அதே கணத்தில் ஆறாம் மேசை றிஸ்வியின் முன்னால் விழுந்தது.

மணிக்கு முந்தி வந்தால் இப்போது கையெழுத்து. பிந்தி வந்தால் அடுத்த மணிக்கு. மணியோடேயே வந்தால்? றிஸ்வி பேனையை எடுத்தார், 'றி' என்று எழுதினார், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன செய்யிறார்?" என்று கிருஷாந்தன் கேட்டான்.

"முந்தியோ பிந்தியோ எண்டு யோசிக்கிறார்" என்றார் கமலாதேவி.

பணிப்பாளர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து மகிழ்ச்சியோடு விளக்கினார். "இது நல்ல சுற்றுகளிலயும் நடக்கிற சங்கதி, தம்பி! பயப்படாதேங்கோ. காத்திருந்தா ஒரு பக்கம் விழும். எந்தப் பக்கம், எப்ப எண்டு உலகத்தில ஒருத்தராலயும் சொல்லேலாது. இப்பிடி ஒண்டு எங்கட பணிமனையிலயே நடக்கும் எண்டு நான் நினைக்கேல்ல!"

கூட வேலை செய்பவர்கள் அடுத்தடுத்த மணிகளில் எழும்பி றிஸ்வியின் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசி மணியும் அடித்து, பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் பிந்தின பக்கம் விழுந்தார். பன்னிரண்டு மணிக்குக் கோப்பு முதலாம் மேசைக்குத் திரும்பியது. அதில் 'றி' மட்டும் இருந்தது.

அன்று பின்னேரம் சல்லிக் கரையில் இராசநாயகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாடை இந்த முறை நாள் பார்க்காமல் முந்தி வரப்போவதாக எல்லாரும் சொன்னார்கள். கிருஷாந்தன் நடந்ததைச் சொன்னான்.

"மான் திண்டதோ?"

"ஓம் மாமா."

"பிறகு ஒருத்தர் பாதிப் பேர் எழுதினவரோ?"

"ஓம் மாமா."

இராசநாயகம் வானத்திலிருந்து கண்ணை எடுத்து மருமகனைப் பார்த்தார். "நீர் என்னமோ மறைக்கிறீர். நாளைக்கு நானும் வாறன். அந்த முத்திரை விழுகிறதை என்ர கண்ணாலயே பாக்கவேணும்."

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மாமனும் மருமகனும் வாங்கில் இருந்தார்கள். இராசநாயகம் சலவைச் சேட்டும் வேட்டியுமாக, கோயிலுக்கு வந்தவர்போலக் கைகட்டி இருந்தார். மணிக்கு மணி எல்லாரும் எழும்பி அமர்ந்தபோது அவரும் எழும்பி அமர்ந்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். சாதனம் கோப்போடு சேர்ந்து மேசை மேசையாக வந்தது. ஆறாம் மேசையில் றிஸ்வி முழுப் பெயரையும் எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்தார். இன்னும் மூன்று கைகள்தான் பாக்கி.

அப்போது மழை தொடங்கியது. பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.

சுவர் மணிக்கூடு நின்றது. அதோடு மணியும் நின்றது. அதோடு எல்லாம் நின்றது.

பதினொரு மணியானது, பதினொன்றரையானது; ஆனால் பணிமனையில் பத்து நாற்பது. றிஸ்வியின் கோப்பு றிஸ்வியிடமே இருந்தது. மின்பிறப்பாக்கி ஒன்று பின்னால் இருந்தது. அதை இயக்குவதற்கான கோப்பு நான்காம் மேசையில் மணிக்காகக் காத்திருந்தது. பன்னிரண்டரையானது. எட்டு மேசையிலும் எட்டுச் சோற்றுப் பாசல்கள். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டு மணி அடிக்காததால் ஒருவரும் அவிழ்க்கவில்லை. கமலாதேவியின் பாசலில் இருந்து வந்த இறால் பொரியல் வாசத்தில் ஐந்தாம் மேசைக்காரரின் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்குப் பசிக்கேல்லையே பிள்ளை?" என்று இராசநாயகம் கேட்டார்.

"இப்ப பத்து நாப்பதுதானே ஐயா" என்றார் கமலாதேவி, பலவீனமாக.

வாசற்படிக்கு மேலால் தண்ணீர் உள்ளே வந்தது. முதலில் ஒரு நாடாவைப்போல. பிறகு பாய் விரித்ததுபோல. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். எல்லாரும் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார்கள். மணிக்குத்தான் அசையவேண்டும் என்ற பணிமனைச் சுற்றறிக்கையில் கால் தூக்குவதைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. றிஸ்வியின் மேசைக்குக் கீழே தொங்கிய இரண்டு கம்பிகளில் நீளமானது நனைந்தது. சாதனம் பேசாமல் இருந்தது. குட்டையானதும் நனைந்தது.

பெட்டி கத்திய கத்தலில் றிஸ்வி கதிரையோடு பின்னால் விழுந்தார்.

"அதை நிப்பாட்டுங்கோ!" என்று பணிப்பாளர் மேலேயிருந்து கூவினார். "மணி அடிக்காமல் எப்பிடிச் சத்தம் போடலாம்?"

"நிப்பாட்ட ஏலாது சேர்! ரெண்டு கம்பியும் காயவேணும்!"

"கீழ்த்தட்டில கோப்பு இருக்கு!" என்று யாரோ அலறினார்கள். அலுமாரிகளின் அடித்தட்டில் இருபது வருடக் கோப்புகள் இருந்தன. வலை முதலாளிகளான சம்மாட்டிகளின், வள்ளக்காரரின், மூதூரிலிருந்தும் குறிஞ்சாக்கேணியிலிருந்தும் வந்தவர்களின் கோப்புகள். பணிப்பாளர் மரப்படியின் உச்சியில் வந்து நின்றார். நெருக்கடியில் தலைமை தாங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாரும் படியில வரிசையா நில்லுங்கோ! கோப்புகளை மேல ஏத்துவம். நான் கை தட்டுவன். தட்டினதும் எல்லாரும் ஒரே நேரம் மேல உள்ளவருக்கு எறியவேணும், ஒரே நேரம் கீழ உள்ளவரிட்டப் பிடிக்கவேணும். ஒண்டு... ரெண்டு..."

தட்டினார். எட்டுப் பேரும் ஒரே நேரம் எறிந்தார்கள். எறிந்துகொண்டிருக்கிற கையால் பிடிக்க ஏலாது என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்டுக் கட்டுக் கோப்புகள் எட்டு முகங்களில் பட்டுத் தண்ணீரில் விழுந்தன.

"இன்னும் வேகமாத் தட்டிப் பாப்பம்" என்றார் பணிப்பாளர்.

இராசநாயகம் இவ்வளவு நேரமும் பொறுத்திருந்தார். அரசாங்கக் கட்டடத்தில் வாய் திறப்பதில்லை என்ற கொள்கை உள்ளவர். ஆனால் கோப்புகள் மிதப்பதைக் கண்டதும், அந்த மனிதருக்குள் பத்தொன்பது வருடமாக இருந்த செயலாளர் தோற்று, கடற்காரன் எழும்பினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"கையைத் தட்டுறதை விடுங்கோ, சேர்! ஆரின்ர கை ஆயத்தமோ அவருக்குக் குடுக்கவேணும். இஞ்ச பாருங்கோ பிள்ளை." முதற் கட்டைக் கமலாதேவியிடம் நீட்டினார். "பிடிச்சிட்டீங்களோ?"

"பி... பிடிச்சிட்டன்."

"விடுறன். நீங்கள் மற்றவரிட்டக் கேளுங்கோ. அவர் சொல்லாமல் விடாதேங்கோ."

"பிடிச்சிட்டீங்களோ?" என்று கமலாதேவி கேட்டார். "பிடிச்சிட்டன்." "விடுறன்." அடுத்தது. அதற்கடுத்தது. வேகமான கை வேகமாகக் கொடுத்தது, மெதுவான கை மெதுவாகக் கொடுத்தது. ஒருவரும் எவருக்காகவும் மணி பார்க்கவில்லை. பக்கத்து ஆளின் முகத்தை மட்டும் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடம் ஒன்றாக எழும்பி ஒன்றாக இருந்தவர்கள் ஒருவரின் முகத்தை ஒருவர் பார்த்தது அன்றைக்குத்தான். படியெங்கும் பிடிச்சிட்டன், விடுறன், பிடிச்சிட்டன், விடுறன். நடுவில் சாதனம் கத்திக்கொண்டேயிருந்தது.

பெட்டிக்குள் தான் கட்டியது இதைத்தான் என்று கிருஷாந்தனுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல அவனுக்கு நேரமில்லை. தலையில் ஓர் அலுமாரித் தட்டு இருந்தது.

றிஸ்வி தன் மேசையிலிருந்து கடைசிக் கோப்பையும், ஈரம் சொட்டும் கம்பிகளோடு கத்துகிற பெட்டியையும் எடுத்து மேலே கொடுத்தார். வாங்கியவர் ஸஹாப்தீன். வாங்கினார், கொடுக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டார். கிருஷாந்தனின் கோப்பு.

"சேர், பிறகு வாசிப்பமே" என்றான் கிருஷாந்தன். தண்ணீர் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது.

"இருபத்திரண்டு வருசமா நான் வாசிக்காமல் ஒண்டையும் மேல விட்டதில்ல, தம்பி. மற்றவங்க கையெழுத்து வைக்கிறாங்க. வாசிக்க ஒராளாவது வேணுமே." வாசித்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பு மணிக்கூட்டை நகத்தால் தட்டினார். "இந்த முசல் எதோடயும் தொடுக்கேல்லயே?"

படியில் நின்ற எல்லாரும் கேட்டார்கள். கீழே நின்று இராசநாயகமும் கேட்டார்.

"இல்ல சேர்" என்றான் கிருஷாந்தன். "கட்டம் நிரப்ப ஒட்டினது. அது பொய். மற்றதெல்லாம் உண்மை."

ஸஹாப்தீன் கத்துகிற பெட்டியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்தார். பதினேழாம் கட்டத்தில் 'செக்கனுக்கு ஒன்று' என்பதை வெட்டிவிட்டு, அழகான எழுத்தில் எழுதினார்: 'தண்ணீர் வரும்போது.' கையெழுத்து வைத்தார். மணிக்கூட்டை மெல்லப் பிடுங்கிக் கிருஷாந்தனின் பையில் போட்டார். "வீட்டில தேடுவாங்க." பிறகு மேலே திரும்பினார். "பிடிச்சிட்டீங்களா?"

எட்டாம் மேசைக்காரருக்கு ஏழாம் மேசையின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இருந்தது. வைத்தார். கோப்பு பணிப்பாளரின் கைக்குப் போய்விட்டது.

பணிப்பாளர் முத்திரையைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார்.

"மணி அடிக்கேல்லயே" என்றார், அழுகிற குரலில். "மணி இல்லாமல் நான் எப்பிடி..."

கீழேயிருந்து இராசநாயகம் தொண்டையைச் செருமினார். "சேர், இவ்வளவு நேரமும் கத்திறது என்னெண்டு நினைச்சியள்?"

பணிப்பாளர் காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "உண்மைதான். இது மணிதான். எங்கட பணிமனையின்ர அவசரகால மணி. இப்பிடி ஒரு ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைச்சதையிட்டு நான் பெருமைப்படுறன்" என்று சொல்லி, டொம் என்று குத்தினார்.

இராசநாயகம் அந்த முத்திரை விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடவேண்டும். பணிப்பாளர் அந்த வெற்றியைப் பற்றி மேலிடத்துக்கு நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதினார். மின்தடையால் பாதிக்கப்படாத மணி என்று, கிருஷாந்தனிடமே அதேபோல் ஒரு பெட்டி கட்டுவித்து, சுவரில் மாட்டி, இரண்டு கம்பிகளையும் வாசற்படிக்கு வெளியே விட்டார். பழைய மணிக்கூட்டைக் கழற்றியாயிற்று. இப்போது அந்தப் பணிமனையில் பெரு மழை பெய்தால்தான் கோப்பு அசையும். கார்த்திகை, மார்கழியில் போனால் காரியம் உடனே முடியும். சித்திரை வெயிலில் போகிறவர்கள் ஒரு வாளி தண்ணீரோடு போகிறார்கள். வாசற்படியில் ஊற்றிவிட்டு உள்ளே போனால் எல்லாரும் எழும்பி வேலை செய்கிறார்கள். கமலாதேவி உரித்த உள்ளியை இப்போது மூதூருக்கும் அனுப்புகிறார்.

மார்கழி மாதத்தில் ஒரு காலை, சல்லிக் கரையில் இராசநாயகத்தின் வள்ளம் வந்து நின்றது. கிருஷாந்தன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கரையில் சுதர்ஷினி நின்றாள். அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். வயிறு காய்ந்திருந்தது.

"உன்ர ஆளின்ர சாமான் மனுசரை நிம்மதியாப் படுக்க விடுதில்ல" என்றார் இராசநாயகம். "காலே நனையேல்ல. அதுக்குள்ள கத்திப்போட்டுது. நல்ல கனவொண்டு."

அவர் எஞ்சினைக் கழற்றித் தூக்கி, விளிம்புக்கு மேலால் இறக்கினார்.

"பிடிச்சிட்டியோ, மருமோன்?"

கிருஷாந்தன் வழக்கம்போல எஞ்சினைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மாமனார் குதிப்பதற்கு இடமும் விட்டு நின்றான். "பிடிச்சிட்டன், மாமா."

"விடுறன்."

விட்டார்.

ஆறு வருடமாகப் பாதிப் பாரத்தையே தூக்கிப் பழகியவன் கிருஷாந்தன். முழுப் பாரமும் கைக்கு வந்ததும் இரண்டடி பின்னால் போனான், மூன்றாவது அடியில் கால் தடுக்கி, எஞ்சினைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் குந்திவிட்டான். அலையொன்று வந்து முகத்தில் அடித்துப் போனது. கரையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"பிடிச்சிட்டன் எண்டனியே!" என்று இராசநாயகம் வள்ளத்தில் நின்று சத்தம் போட்டார். அவர் கை இரண்டும் இடுப்பில் இருந்தன.

கிருஷாந்தன் வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினான். எஞ்சின் ஒரு துளியும் நனையாமல் அவன் தலைக்கு மேலே நின்றது.

"பிடிச்சுக்கொண்டுதான் மாமா இருக்கிறன்" என்றான். "இன்னும் விடேல்ல."